கிளாடியர்: ஒரு ரோமக் குடியும் அதன் பெயரும்

ரோம வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் முதலில் இடறும் சொல் 'கென்ஸ்'. சீசர் ஜூலியா கென்ஸில் பிறந்தவர், நீரோ கிளாடியா கென்ஸுக்குத் தத்துப் போனவர் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் அது வரும். நாமும் 'குடும்பம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பொருந்தாது. குடும்பத்துக்கு லத்தீனில் 'ஃபமிலியா' என்று தனிச் சொல் இருக்கிறது. வீட்டு அடிமையைக் குறிக்கும் 'ஃபமுலஸ்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. ஒரு வீட்டுத் தலைவனின் அதிகாரத்துக்குள் அடங்கிய பிள்ளைகள், அடிமைகள், சொத்து எல்லாம் சேர்ந்தால் ஃபமிலியா. கென்ஸ் அதைவிட மிகப் பெரிது. ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத நூற்றுக்கணக்கானோர் ஒரே கென்ஸில் இருக்கலாம்.

கென்ஸ் என்பதன் வேர் 'பெறு, ஈன்றெடு' என்ற பொருள் கொண்டது. வடமொழியில் ஜனனம், ஜன்மம், ஜாதி ஆகிய சொற்களைத் தந்த அதே இந்தோ-ஐரோப்பிய வேர்தான். வேர் ஒன்று என்பதற்காகக் கென்ஸை ஜாதி என்று எழுதிவிட முடியாது. ரோமில் ஒரே கென்ஸுக்குள் மேற்குடியினரும் இருந்தார்கள், பொதுமக்கள் வகுப்பினரும் இருந்தார்கள். தொழிலாலோ தீட்டாலோ அது பிரிக்கப்பட்டதில்லை.

அப்படியானால் ரோமர்களே அதை எப்படி வரையறுத்தார்கள்? சட்ட அறிஞர் ஸ்கேவோலா சொன்னதை, ரோமின் பெரும் பேச்சாளரும் வழக்கறிஞருமான சிசரோ எடுத்துத் தருகிறார். ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்பவர்கள், சுதந்திரர்களுக்குப் பிறந்தவர்கள், முன்னோரில் எவரும் அடிமையாக இருந்திராதவர்கள், குடிமை உரிமையில் குறைவு எதுவும் நேராதவர்கள். இவர்களே ஒரு கென்ஸின் உறுப்பினர்கள். இதில் பெயர்தான் முதலில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இரத்த உறவை இன்னாருக்கு இன்னார் என்று காட்டத் தேவையில்லை. பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், அது நேர்மையான வழியில் வந்திருக்க வேண்டும்.

இதனால்தான் 'கோத்திரம்' சரிப்படாது. கோத்திரம் யாரைத் திருமணம் செய்யக் கூடாது என்று சொல்லும். அன்றாடப் பெயராக அதைச் சுமந்து திரிவதில்லை. 'குலம்' ஓரளவு பொருந்தும், ஆனால் இன்றைய தமிழில் சாதியின் வாடை அதில் ஏறிவிட்டது. என் தேர்வு 'குடி'. சங்கப் பாடல்களில் அதியமான் 'அதியர் கோமான்', பேகன் 'ஆவியர் பெருமகன்'. அதியர், ஆவியர் என்று பன்மையில் வரும் இந்தக் குடிப்பெயர்கள் லத்தீனின் 'கிளாடியீ', 'கார்னேலியீ' என்ற பன்மைகளுக்கு அப்படியே ஈடு நிற்கின்றன. கிளாடியர், கார்னேலியர் என்று எழுதினால் தமிழ்க் காதுக்கு உறுத்தாது. குடி என்றால் இன்று டாஸ்மாக் நினைவுக்கு வருகிறது என்று சிலர் தயங்குகிறார்கள். குடிப்பெயர், குடியினர், குடிமக்கள் என்று கூட்டுச் சொல்லாக வரும்போது அந்தத் தொல்லை இல்லை. திருக்குறளில் குடிமை, குடிசெயல்வகை என்று இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன.

சரி, கிளாடியருக்கு வருவோம். எந்தக் குடியைவிடவும் இவர்களுடைய பெயர்க்கதை சுவையானது.

இவர்கள் ரோமின் ஆதிவாசிகள் அல்லர், வந்தேறிகள். அரசர்களைத் துரத்திச் சில ஆண்டுகள் ஆன பின், கி.மு. 504இல், ரோமின் அண்டை இனத்தவரான சபைன்களின் நாட்டு ரெகில்லம் என்ற ஊரிலிருந்து அட்டியஸ் கிளாசஸ் என்ற தலைவர் ரோமுக்கு இடம்பெயர்ந்தார் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ரோமோடு போரா சமாதானமா என்று சபைன்களுக்குள் சண்டை. சமாதானம் பேசிய கிளாசஸ், போர் வேண்டும் என்ற கூட்டத்தின் கையில் மாட்டாமல், தம்மைச் சார்ந்திருந்த பெருந்திரளான மக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ரோமர்கள் அவர்களுக்குக் குடியுரிமையும், அனியோ ஆற்றுக்கு அப்பால் நிலமும் கொடுத்தார்கள். குடித்தலைவர்களைப் புதைக்கக் காபிட்டோலின் குன்றின் அடிவாரத்தில் இடமும் கிடைத்தது என்று பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சுவிட்டோனியஸ் சேர்க்கிறார். வந்த சில ஆண்டுகளிலேயே, கி.மு. 495இல், அவர் ரோமின் தலைமைப் பதவியான கான்சல் ஆகிவிட்டார்.

ரோமுக்கு வந்ததும் அவர் பெயரும் ரோமுக்கு ஏற்ப மாறியது. அட்டியஸ் என்ற சபைன் பெயர் 'அப்பியஸ்' ஆனது. கிளாசஸ் 'கிளாடியஸ்' ஆனது. ரோமக் குடிப்பெயர்களில் ஆணுக்கு '-இயஸ்' என்று முடிவு வரும்: ஜூலியஸ், கார்னேலியஸ், ஃபேபியஸ், டுல்லியஸ். பெண்ணுக்கு அதுவே '-இயா': ஜூலியா, கார்னேலியா. கென்ஸ் என்ற சொல் லத்தீனில் பெண்பால் என்பதால் குடியையும் 'கிளாடியா கென்ஸ்' என்பார்கள். 'கிளாடியா என்ற பெண்ணின் குடும்பம்' என்று இதைத் தமிழில் புரிந்துகொண்டவர்களும் உண்டு. அங்கே பெண் யாரும் இல்லை, இலக்கண விகுதிதான்.

லத்தீனில் 'கிளாடஸ்' என்றால் நொண்டி. அதனால் கிளாடியஸ் என்றால் 'நொண்டியின் வழிவந்தவர்' என்று எளிதாகப் பொருள் சொல்லிவிடுகிறார்கள். கூடவே பேரரசர் கிளாடியஸ் காலைச் சாய்த்து நடந்தவர் என்பதும் சேர்ந்துகொள்ள, அவருடைய குறையை வைத்தே பெயர் வந்தது என்ற கதையும் உலவுகிறது. பேரரசர் பிறந்தது கி.மு. 10இல். பெயர் அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் மூத்தது. அதுவும் சபைன் பெயரின் ரோம வடிவம். ரோமர்களின் காதில் நொண்டி என்ற ஒலி விழுந்திருக்கலாம், ஆனால் அதை வைத்துச் சொற்பிறப்பு எழுதக் கூடாது.

ரோமப் பெயரின் அமைப்பை இங்கே சொல்லிவிடுவது நல்லது. மேட்டுக்குடி ஆணுக்கு வழக்கமாக மூன்று பெயர்கள். முதலாவது 'ப்ரைநோமென்', வீட்டில் அழைக்கும் பெயர்; இயற்பெயர் என்றே எழுதலாம். இரண்டாவது 'நோமென்', குடிப்பெயர். மூன்றாவது 'காக்னோமென்'. முதலில் பட்டப்பெயராக வந்து, பிறகு பரம்பரையாகி, ஒரே குடிக்குள் ஒரு கிளையை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டியது. இதற்குக் 'கிளைப்பெயர்' என்பது பொருத்தம். டைபீரியஸ் கிளாடியஸ் நீரோ என்றால் டைபீரியஸ் இயற்பெயர், கிளாடியஸ் குடிப்பெயர், நீரோ கிளைப்பெயர். கடைசிப் பெயர்தான் குடும்பப் பெயர் என்று இன்றைய ஐரோப்பியப் பழக்கத்தில் படித்தால் எல்லாம் குழம்பிவிடும்.

இயற்பெயர்களில் ரோமர்கள் மகா கஞ்சர்கள். புழக்கத்தில் இருந்தவை இருபதுக்குக் கொஞ்சம் குறைவோ கூடவோதான். அதிலும் ஒவ்வொரு குடிக்கும் தனக்கென்று பிடித்த நாலைந்து. அப்பியஸ் என்ற பெயர் மேற்குடிக் கிளாடியருக்கே உரியதுபோல் இருந்தது. ரோமிலிருந்து கபுவாவுக்குக் கி.மு. 312இல் சாலை போட்ட அப்பியஸ் கிளாடியஸ் சீக்கஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்பெயர் கொண்ட மற்ற பெருஞ்சாலைகள் குடிப்பெயரால் வழங்கின: ஃபிளாமினியா சாலை, எமிலியா சாலை. அவருடையது மட்டும் 'அப்பியா சாலை', இயற்பெயரால். அப்பியஸ் என்று சொன்னாலே எந்தக் குடி என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சீக்கஸ் என்றால் குருடர். முதுமையில் பார்வை போனதால் வந்த பட்டம்.

பிடித்த பெயர் இருப்பதுபோல் விலக்கிய பெயரும் உண்டு. லூசியஸ் என்ற பெயருடைய கிளாடியர் இருவரில் ஒருவர் வழிப்பறிக்காகவும் மற்றவர் கொலைக்காகவும் தண்டிக்கப்பட்டதால், அந்தப் பெயரையே குடியினர் ஒருமனதாகக் கைவிட்டார்கள் என்கிறார் சுவிட்டோனியஸ். பிற்காலத்தில் லூசியஸ் டொமிஷியஸ் அஹெனோபார்பஸ் என்று பிறந்த ஒரு பையனைப் பேரரசர் கிளாடியஸ் கி.பி. 50இல் தத்தெடுத்தார். அவனிடமிருந்தும் லூசியஸ் போய்விட்டது. புதிய பெயர் நீரோ கிளாடியஸ் சீசர் என்று தொடங்கியது. கிளைப்பெயராக இருந்த நீரோ முன்னே வந்து இயற்பெயர் ஆகிவிட்டது. உலகம் அவனை அந்தப் பெயரால்தான் அறிகிறது.

நீரோ என்பது சபைன் சொல். வலிமையும் துணிவும் உள்ளவன் என்று பொருள். ஆளைக் குறிக்கும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது. வடமொழி 'நரன்' அதன் உறவு. கொடுங்கோலனின் பெயர் என்று நாம் முகம் சுளிக்கும் சொல் பிறந்தபோது வீரப்பட்டம்.

மேற்குடிக் கிளாடியரின் மற்றொரு பெருங்கிளை 'புல்கெர்', அதாவது அழகர். இந்தக் கிளைக்குத்தான் திமிர் அதிகம் என்று ரோமர்களே சொல்வார்கள். புப்ளியஸ் கிளாடியஸ் புல்கெர் கி.மு. 249இல் சிசிலியின் ட்ரெபானாவில் கடற்போருக்குப் போகும் முன் சகுனம் பார்த்தார். சகுனக் கோழிகள் தீனி தின்ன மறுத்தன. தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று கடலில் எறியச் சொன்னார். போரில் கப்பற்படை அழிந்தது. மூன்று ஆண்டு கழித்து அவர் சகோதரி கிளாடியா விழாக் கூட்டத்தின் நெரிசலில் சிக்கியபோது, சகோதரன் உயிரோடிருந்து இன்னொரு படையையும் மூழ்கடித்தால் இந்தக் கூட்டம் குறையும் என்று உரக்கச் சொல்லி, 25,000 ஆஸ் (ரோமச் செப்புக் காசு) அபராதம் கட்டினாள்.

அந்தப் பெண்ணின் பெயர் வெறும் கிளாடியா, அவ்வளவுதான். ரோமப் பெண்ணுக்குப் பொதுவாக இயற்பெயரே கிடையாது. குடிப்பெயரின் பெண்பால் வடிவம்தான் பெயர். மகள்கள் பலர் இருந்தால் எண் போட்டுக்கொள்வார்கள். கி.மு. 204இல் பெருந்தாய்த் தெய்வத்தின் கப்பலை வரவேற்றுப் புகழ்பெற்ற கிளாடியா குவின்டா 'ஐந்தாம் கிளாடியா'. ஒரே வீட்டில் மூன்று அக்கா தங்கைகள் மூவரும் கிளோடியா என்றிருந்ததும் உண்டு. திருமணத்துக்குப் பிறகும் தகப்பன் குடிப்பெயர் மாறாது. நம் பெண்களின் இனிஷியல் கணவன் பெயருக்கு மாறுவதோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை என்று தோன்றும். தனக்கென்று ஒரு பெயரே இல்லை என்பதை நினைத்தால் தோன்றாது.

கிளாடியா கிளோடியா ஆனது எப்படி? லத்தீனில் கிளாடியாவின் முதலசையில் இருந்த 'அவ்' என்ற ஈருயிர் (இரண்டு உயிரொலிகள் சேர்ந்த ஒலி) பேச்சில் 'ஓ' ஆகத் தேய்ந்தது. சிசரோவின் பகைவர் புப்ளியஸ் கிளோடியஸ் புல்கெர் மேற்குடி உரிமையைத் துறந்து பொதுமக்கள் வகுப்புக்கு மாறி, கி.மு. 58இல் அந்த வகுப்பின் பிரதிநிதியான ட்ரிப்யூனாக இருந்தார். அதற்காகவே எளிய உச்சரிப்பான கிளோடியஸைச் சூட்டிக்கொண்டார் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். ஆனால் வகுப்பு மாறாத அவர் அக்காவும் கிளோடியாதான். மாறிய விதம்தான் வேடிக்கை. கி.மு. 59இல் ஃபான்டியஸ் என்ற இருபது வயது இளைஞன் தன்னைவிட மூத்த கிளோடியஸைத் 'தத்தெடுத்தான்'. முறைப்படி அவர் ஃபான்டியஸ் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வகுப்பைக் கொடுத்தார், பெயரை விடவில்லை.

குடிக்கும் கிளைக்கும் உள்ள வேறுபாடு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பொதுமக்கள் வகுப்பிலும் கிளாடியர் இருந்தார்கள். கி.மு. 212இல் சிரக்யூஸைப் பிடித்த மார்செல்லஸின் முழுப்பெயர் மார்க்கஸ் கிளாடியஸ் மார்செல்லஸ். இந்த மார்செல்லஸ் கிளையினரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவனுடைய மகன் வாரிசின்றி இறந்தபோது, 'ஸ்டிர்ப்ஸ்' என்ற கிளையுரிமையில் சொத்து எங்களுக்கே என்றார்கள் மார்செல்லர். 'கென்ஸ்' என்ற குடியுரிமையில் எங்களுக்கே என்றார்கள் மேற்குடிக் கிளாடியர். வாரிசும் நெருங்கிய தந்தைவழி உறவும் இல்லாதவனின் சொத்து குடியினருக்குப் போகும் என்பது ரோமின் மிகப் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரு பலகைச் சட்டம். அந்தச் சட்டத்தை இயற்றிய பதின்மர் குழுவின் முக்கியப் புள்ளியே வேறோர் அப்பியஸ் கிளாடியஸ் என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்த வழக்கை மொழிபெயர்க்க வரும்போது 'குடும்பம்' என்ற ஒற்றைச் சொல்லோடு இருப்பவர் தடுமாறுவார். கிளை, குடி என்று பிரித்தால் வழக்கு ஒரே வாசிப்பில் புரியும்.

பேரரசுக் காலத்தில் குடிப்பெயர் குடியைவிட்டு வெளியே ஓடிவிட்டது. கிளாடியரில் பிறந்த டைபீரியஸை, ஜூலியக் குடியைச் சேர்ந்த முதல் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 4இல் தத்தெடுத்ததும் அவர் டைபீரியஸ் ஜூலியஸ் சீசர் ஆகிவிட்டார். கொங்குப் பகுதியில் ஏராளமாகக் கிடைத்திருக்கும் அவருடைய காசுகளில் கிளாடியஸ் என்ற சொல் இருக்காது. அவர் தம்பி மகனான பேரரசர் கிளாடியஸை ஜூலியர் யாரும் தத்தெடுக்கவில்லை. எனவே பழைய குடிப்பெயரோடே அரியணை ஏறினார். அந்தப் பெயரை ஊருக்கெல்லாம் வாரி வழங்கவும் செய்தார். புதிதாகக் குடியுரிமை பெறுகிறவர் அதைத் தந்த பேரரசரின் குடிப்பெயரைச் சூடிக்கொள்வது வழக்கம். விடுதலை பெற்ற அடிமையும் எஜமானின் குடிப்பெயரை எடுத்துக்கொள்வார். தமிழ் விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலைக் காவலில் வைக்கும் சேனாபதி கிலவுதியு லீசியா. மிகுந்த பணம் கொடுத்துக் குடியுரிமை வாங்கியதாக அவரே சொல்கிறார். கிலவுதியு என்பது கிளாடியஸேதான், கிரேக்க வடிவத்தின் வழியே வந்தது. லீசியா என்பது அவருடைய பழைய கிரேக்கப் பெயர்.

முசிறியையும் கொற்கையையும் தம் புவியியல் நூலில் குறித்த அலெக்சாண்ட்ரியாவின் கிளாடியஸ் தாலமியும் இந்த வகைதான். கிளாடியஸ் என்பது குடியுரிமையோடு வந்த ரோமப் பெயர், தாலமி கிரேக்கப் பெயர். 'கிளாடியக் குடியில் பிறந்த தாலமி' என்று எழுதினால் தவறு. 'கிளாடியஸ் என்ற குடிப்பெயர் பூண்ட தாலமி' என்று எழுதலாம்.