பயாப்ஸி வியாழக்கிழமை, பாலிசி புதன்கிழமையா?

"வியாழக்கிழமை பயாப்ஸிங்ண்ணா. அதுக்குள்ள ஒரு அம்பது லட்சத்துக்கு டேர்ம் பாலிசி போட்டுறலாங்ளா?"

சென்னிமலைப் பக்கம் பெட்ஷீட் வியாபாரம் செய்யும் தம்பி அவர். வயது 41. ஒரு மாதமாகக் கழுத்தில் ஒரு கட்டி. வலி இல்லாததால் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கவும்தான் ஈரோட்டில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டியிருக்கிறார். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சொன்ன அன்று ராத்திரியே எனக்குப் போன். ஆயுள் காப்பீட்டு முகவராக எனக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலைந்து முறை வரும். கட்டி இருக்கும் இடம்தான் மாறும்.

அவருடைய வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். "எனக்கு நோய்னு இன்னும் யாரும் சொல்லலீங்ளே. ரிப்போர்ட் வந்தாத்தானுங்க நோய்? இன்னைக்கு ஃபார்ம்ல 'இல்லை'ன்னு போட்டா அது எப்படிங்க பொய்யாகும்?"

காதுக்கு நியாயமாகத்தான் கேட்கிறது. ஆனால் பாலிசிக்கு விண்ணப்பிக்கும் புரபோசல் படிவத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்தவர் இப்படிக் கேட்க மாட்டார். நோயின் பெயர்களை வரிசையாகக் கேட்பது அதில் ஒரு பகுதிதான். கடந்த ஐந்து வருஷத்தில் ஒரு வாரத்துக்கு மேல் சிகிச்சை தேவைப்பட்ட எதற்காவது டாக்டரைப் பார்த்தீர்களா? பரிசோதனைக்கோ கண்காணிப்புக்கோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்களா? உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போகாமல் இருந்தீர்களா? இப்போது உடல்நிலை எப்படி? அம்மா அப்பா, கூடப்பிறந்தவர்கள் எதனால் இறந்தார்கள்? உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள் என்பதுதான் அத்தனை கேள்விக்கும் சாரம். கழுத்தில் கட்டி இருப்பது இவருக்குத் தெரியும். டாக்டர் சந்தேகப்படுவதும் தெரியும். அதற்குமேல் நோய்க்குப் பெயர் வைத்தாயிற்றா இல்லையா என்பது இரண்டாம்பட்சம்.

கடைசிப் பக்கத்து உறுதிமொழியில் பலரும் படிக்காத ஒரு வரி உண்டு. கையெழுத்துப் போட்ட நாளுக்கும் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் நாளுக்கும் இடையில் உடல்நிலையில் மாற்றம் வந்தால் அதையும் உடனே தெரிவிக்க வேண்டும். திங்கட்கிழமை நல்ல உடம்போடு கையெழுத்துப் போட்டு, புதன்கிழமை கட்டி தட்டுப்பட்டு, வெள்ளிக்கிழமை பாலிசி வந்தால், அந்தப் புதன்கிழமையும் கணக்கில் சேரும்.

"எப்படிண்ணா கண்டுபிடிப்பாங்க?" என்றார் அடுத்து. அதற்கு பவானிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னேன். பாலிசியைப் போட்டது வேறொரு முகவர். எடுத்து எட்டு மாதத்தில் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். கிளைம் நிராகரித்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை', எல்லாம் ஒரே கையெழுத்து, அது முகவருடையது. கீழே கையொப்பம் மட்டும் இறந்தவருடையது. கம்பெனி எந்தத் துப்பறியும் வேலையும் செய்யவில்லை. பாலிசி போட்டுச் சீக்கிரமே வரும் கிளைம் என்றால் விசாரணைக்கு ஆள் போவது வழக்கம். போனவர் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியிருக்கிறார். அதில் முன்வரலாறு என்று ஒரு வரி இருக்கும். 'ஒன்றரை வருடமாக மூச்சுத் திணறல், மருந்து எடுத்துவருகிறார்.' அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டபோது, பதற்றத்தில், உயிரைக் காப்பாற்ற வேண்டுமே என்று அந்த அம்மாவே சொன்னது. "நான் உண்மையைச் சொன்னதாலதான் பணம் வரலீங்களா?" என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

எங்கள் தொழிலில் சிலர் வாய் கூசாமல் சொல்லும் ஒன்று: "மூணு வருஷம் ஓட்டிட்டா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது." பாதி உண்மை. 1938-ஆம் வருஷத்துக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு 2015-இல் திருத்தப்பட்டது. அதன்படி பாலிசி தொடங்கி மூன்று வருஷம் ஆனபின் எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்வி கேட்க முடியாது. அதற்கு முன்பு வந்த கிளைமில் முக்கியமான விஷயத்தை மறைத்தது தெரிந்தால் பாலிசியை ரத்து செய்து, கட்டிய பிரீமியத்தை 90 நாளில் திருப்பித் தருவார்கள். மோசடி என்று நிரூபணமானால் அதுவும் கிடைக்காது. நேர்மையாக எடுத்தவரை, பத்து வருஷம் கழித்து அற்பக் காரணம் சொல்லி அலையவிடாமல் காக்கத்தான் அந்த மூன்று வருஷக் கெடு. பயாப்ஸிக்கு நாள் குறித்தவருக்கு அடுத்த மூன்று வருஷத்துக்கு யார் உத்தரவாதம் கொடுப்பது? அந்த உத்தரவாதம் இல்லையே என்றுதானே எனக்குப் போன் செய்கிறார்!

மறைத்தது எதுவானாலும் பணம் போச்சு என்றும் இல்லை. இடுப்புத் தண்டுவடத் தேய்மானத்தைச் சொல்லாமல் விட்ட ஒருவர் இதய நோயில் இறந்த வழக்கில், அது உயிருக்கு ஆபத்தான நோயும் இல்லை, மரணத்துக்குக் காரணமும் இல்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது. 2020-இல் வேறொரு வழக்கு. 2014 ஆகஸ்டில் பாலிசி, செப்டம்பரில் மரணம். வயிற்று உபாதைக்கும் ரத்த வாந்திக்கும் சிகிச்சை பெற்றதை மறைத்தது ஆஸ்பத்திரிப் பதிவுகளில் தெரிந்தது. நிராகரித்தது சரி என்றது அதே நீதிமன்றம். வழக்கு நடக்கும்போதே பணம் கொடுக்கப்பட்டிருந்தது, தாயாருக்கு 70 வயது. அதனால் திரும்ப வாங்க வேண்டாம் என்று கருணை காட்டியது. அந்தக் கருணையை நம்பி நாம் படிவம் நிரப்ப முடியாது.

சரி, கட்டி இருப்பதைச் சொல்லியே விண்ணப்பித்தால்? விண்ணப்பத்தை ஏற்பதா வேண்டாமா என்று கம்பெனியில் முடிவெடுக்கும் அண்டர்ரைட்டர், பயாப்ஸி முடிவு வரட்டும் என்று தள்ளிவைப்பார். தள்ளிவைப்பு நிராகரிப்பு ஆகாது. ஆனாலும் அடுத்த கம்பெனியின் படிவத்தில் 'இதற்கு முன் எங்காவது தள்ளிவைத்தார்களா, மறுத்தார்களா, கூடுதல் பிரீமியம் கேட்டார்களா' என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கும் 'ஆம்' போட வேண்டும். பத்து நாளில் ரிப்போர்ட் வரப்போகிறது என்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பதே மேல் என்பது என் கட்சி. சாதாரணக் கட்டி என்று வந்துவிட்டால் அந்த ரிப்போர்ட்டே உங்களுக்குச் சாட்சி.

"அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதுங்களா?"

"பீரோவத் தொறங்க தம்பி" என்றேன்.

இந்த நிலைமையில் புதுப் பாலிசியைவிடப் பழைய பாலிசிக்குத்தான் மதிப்பு. கல்யாணமான புதிதில் எடுத்து மறந்துபோனவை, மாமனார் வற்புறுத்திப் போட்டவை, லோன் வாங்கும்போது பேங்கில் தலையில் கட்டியவை என்று வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். தேதி தவறியிருந்தாலும் மாதப் பிரீமியத்துக்கு 15 நாள், மற்றவைக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் யாரும் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அது தாண்டினால் பாலிசி லேப்ஸ், அதாவது காலாவதி. ஐந்து வருஷம் வரை அதை ரிவைவல் செய்து உயிர்ப்பிக்கலாம் என்றாலும் உடல்நல உறுதிமொழி கேட்பார்கள். மூன்று வருஷக் கடிகாரமும் அன்றைக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயந்து இந்த நேரத்தில் பழைய பாலிசியைச் சரண்டர் செய்து, பாதியிலேயே முடித்துப் பணம் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பணம் வேண்டுமென்றால், சேமிப்புப் பாலிசிகளின் மேல் பெரும்பாலும் கடன் வாங்க வழியுண்டு.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வேறு சில கதவுகளும் திறந்திருக்கும். பி.எஃப். பிடித்தம் இருந்தால் அதோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீடு உண்டு, வேலையில் இருக்கும்போது இறந்தால் அதிகபட்சம் 7 லட்சம். தொழிலாளியின் சம்பளத்தில் அதற்காகத் தனியாகப் பிடிப்பதில்லை என்பதால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்ட நாமினியை மாற்றாமலே விட்டிருப்பார்கள். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் இருந்தால் ராஜினாமா செய்யும் முன் பத்து முறை யோசியுங்கள். பேங்க் கணக்கு வழியாகச் சேரும் பிரதமரின் ஜீவன் ஜோதி பீமாவில் 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் வருஷத்துக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்குச் சேரலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் பணம்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்த ஓர் ஆசிரியை சில வருஷத்துக்கு முன் வந்தார். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, பயம் மட்டும்தான். தாராளமாக எடுக்கலாம், அம்மாவின் நோயை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள் என்றேன், எடுத்தார். அதே வருஷம் இன்னொருவர், கட்டி தட்டுப்பட்டும் 'பாலிசி வந்தபிறகு மேமோகிராம் எடுக்கிறேன்' என்றார். அவரிடம் நான் கத்தியே விட்டேன். டாக்டர் சொன்ன பரிசோதனையை எந்தப் பாலிசிக்காகவும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏற்கெனவே உள்ளதைச் சொல்லி எடுத்தவர்களுக்கு ஒன்று. பாலிசியோடு உங்கள் புரபோசலின் நகலும் வரும். அதை எடுத்துப் படியுங்கள். நீங்கள் சொன்ன சர்க்கரை அதில் இருக்கிறதா, முகவர் 'இல்லை' என்று தட்டிவிட்டாரா? படித்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் பாலிசியைத் திருப்பித் தர 30 நாள் பரிசீலனைக் காலம் எதற்கு இருக்கிறது! தவறு இருந்தால் எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். எல்லாம் சொல்லியும் கிளைமை மறுத்தால், கம்பெனி மேல் வரும் புகாரை விசாரிக்கச் சென்னையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். 50 லட்சம் வரை, கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

சென்னிமலைத் தம்பியின் பீரோவில் 2013-இல் எடுத்த 5 லட்ச ரூபாய்ப் பாலிசி ஒன்று கிடைத்தது. அரையாண்டுத் தவணை, தேதி தவறி 26 நாள் ஆகியிருந்தது. புதன்கிழமை காலையில் கட்டினார், வியாழக்கிழமை பயாப்ஸிக்குப் போனார். ரிப்போர்ட்டில் வந்தது நெறிகட்டியில் காசநோய். ஆறு மாதம் மாத்திரை. முடித்து, டாக்டர் சான்றிதழோடு மறுபடி வந்தார். காசநோய்க் கேள்விக்கு 'ஆம்' போட்டு எல்லாக் காகிதத்தையும் இணைத்தோம். ஐம்பது கேட்டதற்கு இருபத்தைந்து லட்சம் கொடுத்தார்கள், அதுவும் கூடுதல் பிரீமியம் போட்டு. அந்தக் கூடுதலைக் குறைக்கச் சொல்லி முக்கால் மணி நேரம் என்னிடம் பேரம் பேசினார். பெட்ஷீட் விற்கிறவர் அல்லவா, கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்கிறார்.