வாஷிங்டன் தெருக்களில் தலைகீழ் நட்சத்திரம்: பாகைமானி வைத்துப் பார்த்தால்

வாஷிங்டன் டி.சி.யின் வரைபடத்தை வடக்கு மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மாளிகைக்கு வடமேற்கே டுபாண்ட் வட்டம், வடகிழக்கே லோகன் வட்டம். இவற்றுக்குச் சற்றுக் கீழே மேற்கில் வாஷிங்டன் வட்டம், கிழக்கில் மவுண்ட் வெர்னன் சதுக்கம். வெள்ளை மாளிகையோடு சேர்த்து ஐந்து புள்ளிகள். இனி கனெக்டிகட், வெர்மான்ட், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் அவென்யூக்கள் மீதும் கே தெரு மீதும் பேனாவை ஓட்டினால், தலைகீழான ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று எழும். அதன் கீழ்முனை அதிபர் வீட்டைக் குத்தி நிற்கும். நகரைத் திட்டமிட்ட ஃப்ரீமேசன் சங்கத்தார் (சொந்தச் சடங்குகளும் சின்னங்களும் கொண்ட சகோதர அமைப்பினர்) சாத்தானின் முத்திரையைத் தெருக்களிலேயே பொறித்துவிட்டார்கள் என்பது கதை.

கதையைச் சோதிக்க ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானி போதும். ஐந்து நேர்கோடுகளால் வரைந்த எந்த நட்சத்திரத்திலும் முனைக்கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைதான். ஒழுங்கான நட்சத்திரம் என்றால் ஒவ்வொரு முனையும் 36 பாகை. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் முறையில் அமைந்தவை. அம்முறை தூரத்தைத் திரிக்கும், கோணத்தைத் திரிக்காது. அதனால் திரையிலேயே அளக்கலாம். சாய்வான முப்பரிமாணக் காட்சியில் மட்டும் அளக்கக் கூடாது. அதில் எந்தக் கோணமும் நம்பத்தக்கதல்ல.

ஐந்து இடங்களின் நடுப்புள்ளிகளை இணைத்து அளந்தால் வெள்ளை மாளிகை முனை சுமார் 48 பாகை வருகிறது. டுபாண்ட், லோகன் முனைகள் சுமார் 42. இரு ஓரங்களில் உள்ள வாஷிங்டன் வட்டமும் மவுண்ட் வெர்னன் சதுக்கமும் வெறும் 24. ஒழுங்கான நட்சத்திரத்துக்குக் கிட்டத்தில்கூட இல்லை. தூரத்திலும் அப்படித்தான். இந்த நட்சத்திரத்தின் அகலம் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர். அதற்கு ஏற்ற உயரம் 2.3 கிலோமீட்டர் அளவில் இருக்க வேண்டும், இருப்பதோ 1.3. மேலிருந்து யாரோ உட்கார்ந்து நசுக்கிய நட்சத்திரம்.

போதாக்குறைக்கு ஒரு கோடு பாதியில் நிற்கிறது. லோகன் வட்டத்திலிருந்து தென்மேற்காக வரும் ரோட் ஐலண்ட் அவென்யூ, கனெக்டிகட் அவென்யூவைத் தொட்டதும் முடிந்துவிடும். அங்கிருந்து வாஷிங்டன் வட்டம் வரை இன்னும் சுமார் 800 மீட்டர். அந்த இடைவெளியில் கட்டடங்கள்தான் நிற்கின்றன. அதைப் பேனா நிரப்பிவிடுகிறது. பேனாவின் தடிமனையும் கணக்கில் எடுக்க வேண்டும்: 1:25,000 அளவு வரைபடத்தில் 2 மில்லிமீட்டர் கோடு தரையில் 50 மீட்டரை மூடும். இந்நகரின் அகன்ற அவென்யூக்களின் முழு அகலமே 160 அடி, அதாவது 49 மீட்டர். ஒரு தெரு தள்ளிப் போனாலும் தடித்த கோடு மறைத்துவிடும்.

அப்படியானால் நட்சத்திரம் போன்ற ஒன்று ஏன் தெரிகிறது? 1791இல் பிரெஞ்சுப் பொறியாளர் பியர் சார்ல்ஸ் லான்ஃபான் இந்நகருக்கு வரைந்த திட்டத்தில் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குத் தெருக்கட்டம் ஒன்று. அதன்மேல் மூலைவிட்ட அவென்யூக்கள். மேடான இடங்களையும் முக்கியக் கட்டடங்களையும் நேராக இணைப்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரிவதும் நோக்கம். லான்ஃபான் இளமையைக் கழித்த பிரான்ஸின் வெர்சாயில் அரண்மனைக்கு முன் விரியும் சாலைகளும் அதே பாணி. வெள்ளை மாளிகையிலிருந்து நேர் வடக்கே போகும் 16ஆம் தெருதான் இங்கே நடு அச்சு. கனெக்டிகட்டும் வெர்மான்டும் அந்த அச்சின் இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல் விரிகின்றன. மாசசூசெட்ஸும் ரோட் ஐலண்டும் அதே அச்சில் ஸ்காட் வட்டத்தில் வெட்டிக்கொள்கின்றன. இந்த இரண்டு ஜோடிகளுக்கும் குறுக்கே கிழக்கு-மேற்காக ஒரு தெரு ஓடினால் நட்சத்திரம் வேண்டாம் என்றாலும் வந்துவிடும். கட்டத் தெருக்கள் நிறைந்த ஊரில் குறுக்குத் தெருவுக்கா பஞ்சம்?

தெருக்களை மறந்து வெறும் புள்ளிகளை மட்டும் எடுத்தாலும் நிலைமை அதுதான். எந்த மூன்றும் ஒரே கோட்டில் இல்லாதபடி ஒன்பது புள்ளிகளைச் சிதறிவிடுங்கள். எப்படிச் சிதறினாலும் அவற்றுள் ஏதோ ஐந்து, குழிவில்லாத ஐங்கோணத்தின் மூலைகளாக அமைந்தே தீரும். ஹங்கேரியக் கணிதர்கள் ஏர்டிஷும் செகரஷும் 1935இல் வெளியிட்ட ஆய்வில் பேசப்படும் முடிவு இது. அத்தகைய ஐங்கோணத்தின் மூலைவிட்டங்களை வரைந்தால் கிடைப்பது ஐந்து முனை நட்சத்திரம். லான்ஃபானின் திட்டமோ மாநிலங்களுக்கென்று மட்டும் 15 சதுக்கங்களை ஒதுக்கியது. பதினைந்திலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 3,003 வழிகள் உண்டு. உங்கள் ஊர்க் கோயில்களையோ பெட்ரோல் பங்குகளையோ குறித்துப் பார்த்தாலும் ஏமாற்றம் இருக்காது.

லான்ஃபான் ஃப்ரீமேசன்தானா என்றால், ஒரு வகையில் ஆம். 1789இல் நியூயார்க்கில் முதல் படிநிலைக்குத் தீட்சை பெற்றார்; அதற்கு மேல் போகவில்லை. 1792இல் அவரை வேலையிலிருந்து நீக்கியபின் நில அளவையாளர் ஆண்ட்ரூ எலிக்காட் திட்டத்தைத் திருத்தி வரைந்தார். அப்போது மாற்றம் கண்டவற்றுள் மாசசூசெட்ஸ் அவென்யூவின் போக்கும் ஒன்று. நட்சத்திரத்தின் முக்கியக் கோடே இரண்டாவது ஆள் திருத்தியது. தவிர, தலைகீழ் நட்சத்திரம் தீமையின் சின்னம் என்ற விளக்கம் 1850களில் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சு மாந்திரீக எழுத்தாளரால்தான் பரவியது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெருக்கள் குறிக்கப்பட்டுவிட்டன.

வாஷிங்டன் நினைவுத்தூணைப் பற்றிய கதைக்குக் கூட்டல் போதும். உயரம் 555 அடி, நிலத்தடியில் 111 அடி, மொத்தம் 666, அதாவது பைபிளில் வரும் மிருகத்தின் எண் என்பார்கள். அடித்தளத்தின் ஆழம் உண்மையில் 36 அடி 10 அங்குலம். சிலர் 555 அடியை அங்குலமாக்கி 6,660 என்று காட்டுவார்கள். 1884இல் முடிந்தபோது குறித்த உயரம் 555 அடி 5⅛ அங்குலம், அதாவது 6,665 அங்குலத்துக்குச் சற்று அதிகம். 2014 அளவீட்டின்படி 554 அடி 7 அங்குலம் சொச்சம், அது 6,655. தரைமட்டம் என்று எந்த இடத்தை எடுப்பது என்பதிலேயே இவ்வளவு வேறுபாடு வரும்போது, அங்குலக் கணக்கில் ரகசியம் வைப்பது கஷ்டம். உயரம் வந்த வழி எளியது: எகிப்தியத் தூண்களில் உயரம் அடிப்பகுதியின் அகலத்தைப்போல் பத்து மடங்கு என்று தூதர் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் எடுத்துச் சொன்னார். இங்கே அடிப்பகுதியின் அகலம் 55 அடி 1½ அங்குலம்.

அந்தத் தூண் இருக்க வேண்டிய இடத்திலும் இல்லை. வெள்ளை மாளிகையின் தெற்கு அச்சும் நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலின் மேற்கு அச்சும் சந்திக்கும் இடத்தில் நின்றிருக்க வேண்டும். அங்கே மண் இளகலாக இருந்ததால் கிழக்கு-தென்கிழக்காகத் தள்ளிக் கட்டினார்கள். அச்சுகள் சந்திக்கும் இடத்தைக் குறிக்கும் ஜெஃபர்சன் கல், தூணிலிருந்து சுமார் 119 மீட்டர் தொலைவில் இன்றும் இருக்கிறது. பக்கத்தில் போய் நின்று பார்த்தால் விலகல் கண்ணுக்கே தெரியும்.

ஃப்ரீமேசன் சின்னங்களைப் பார்க்க வேண்டுமானால் அதே 16ஆம் தெருவில் வடக்கே நடந்தால் போதும். ஜான் ரஸ்ஸல் போப் வடிவமைத்து 1915இல் திறந்த, ஸ்காட்டிஷ் ரைட் என்ற ஃப்ரீமேசன் பிரிவின் தெற்குக் கிளைத் தலைமையகம் அங்கே நிற்கிறது: 33 அடி உயரத் தூண்கள் 33. அப்பிரிவின் படிநிலைகள் 33 என்பதால் இந்த எண். கேட்டால் அவர்களே சொல்வார்கள். 1793 செப்டம்பர் 18 அன்று கேப்பிட்டலுக்கு மூலைக்கல் நட்டதும் பட்டப்பகலில்தான். ஜார்ஜ் வாஷிங்டன் இடுப்பில் ஃப்ரீமேசன் ஏப்ரன் கட்டிக்கொண்டு, வெள்ளிக் கொத்துக்கரண்டியோடு கல்லை வைத்தார். தானியமும் மதுவும் எண்ணெயும் படைத்தார்கள். பிறகு 500 பவுண்டு எடையுள்ள எருதை வாட்டி விருந்து. பத்திரிகையிலும் செய்தி வந்தது. அன்று கல்லோடு வைத்த வெள்ளித் தகடு எந்த மூலையில் புதைந்திருக்கிறது என்பதை மட்டும், பலமுறை தேடியும், இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.