புரொடக்‌ஷன் சாவி யார் யார் கையில்?

மாதக் கடைசி, மாலை ஆறு மணி. ஒரே ஒரு வாடிக்கையாளரின் முகவரியை மாற்றச் சொல்லி டிக்கெட் வந்திருந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, டேட்டாபேஸில் பதிவுகளை மாற்றும் அப்டேட் கட்டளையைச் சரியாகத்தான் எழுதியிருந்தார். ஓடவிடும்போது முதல் வரியை மட்டும் தேர்வு செய்துவிட்டார். எந்தப் பதிவை மாற்ற வேண்டும் என்று சொல்லும் ‘வேர்’ நிபந்தனை இருந்தது அடுத்த வரியில். ஒரு பதிவு மாறியிருக்க வேண்டும். திரையிலோ ஐந்து இலக்க எண்.

மறுநாள் அவரிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். என்னிடம் கேட்டிருக்க வேண்டும். சேர்ந்து மூன்று வாரமே ஆனவருக்கு, வாடிக்கையாளர்களின் உண்மையான தரவு இருக்கும் புரொடக்‌ஷனில் எழுதும் உரிமையைக் கொடுத்தது நான். அவசரத்துக்கு உதவுமே என்று எல்லோருக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அது தெரியும். அவர்களில் யாராவது உள்ளே வந்து எதையாவது மாற்றியிருந்தால், யார் என்ன செய்தார் என்று பதிவாகும் லாகில் அந்தப் பொதுப் பெயர் மட்டும்தான் இருந்திருக்கும்.

2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். முதன்மை டேட்டாபேஸின் மாற்றங்களை உடனுக்குடன் பிரதியெடுக்கும் நகல் சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புறையை, களைத்துப்போன ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. தினசரி பேக்கப்பைத் தேடினால், அது ஓடவே இல்லை: டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் கருவியோ பழைய 9.2 பதிப்பு; இரண்டும் பொருந்தவில்லை. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் திருப்பி அனுப்பியிருந்தது. சுமார் ஆறு மணி நேரம் முன்பு, சோதனை வேலைக்காக அதே பொறியாளர் கையால் எடுத்துவைத்த, அந்த நேரத்துத் தரவின் பிரதியான ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அதற்குப் பிறகு பதிவானவை போனது போனதுதான்.

இப்போது எங்களிடம் ஆளுக்கொரு யூசர்; படிக்கும் உரிமை மட்டும். எழுத வேண்டுமென்றால் இன்னொருவர் கட்டளையைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், உரிமையும் சில மணி நேரத்துக்குத்தான். மைசீக்வல் டேட்டாபேஸில் ‘சேஃப் அப்டேட்ஸ்’ அமைப்பைப் போட்டிருக்கிறோம். நிபந்தனை இல்லாத அப்டேட்டையும் டெலீட்டையும் அது மறுத்துவிடும். மாற்றங்களை உறுதிசெய்யும்வரை தற்காலிகமாக வைத்திருக்கும் டிரான்சாக்‌ஷனைத் திறந்து, எத்தனை பதிவுகள் மாறின என்று பார்த்த பிறகே கமிட், அதாவது மாற்றத்தை நிரந்தரமாக்குவது. இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. மைசீக்வலிலும் ஆரக்கிளிலும் அட்டவணையையே நீக்கும் டிராப், அதைக் காலியாக்கும் ட்ரங்கேட் கட்டளைகள் தாமாகவே கமிட் ஆகிவிடும், மாற்றத்தைத் திரும்பப் பெறும் ரோல்பேக் உதவாது. நகல் சர்வர் இருக்கிறதே என்பார்கள். தவறும் சில நொடிகளில் அங்கே நகலாகிவிடும்.

மாதம் ஒரு சனிக்கிழமை, பேக்கப்பைத் தனி சர்வரில் முழுதாக மீட்டுப் பார்க்கிறோம். முதல் முறை ஒன்பது மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரத்தில் மீட்டுவிடுவோம் என்றுதான் அதுவரை நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருந்தோம்.