சோலைமந்தி, சின்னான்: இருக்கும் பெயரை ஏன் விரட்டுகிறீர்கள்?

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக் கண்காட்சியில் இரண்டு படங்களை அருகருகே ஒட்டியிருந்தார்கள். ஒன்றின் கீழே 'சிங்கவால் மக்காக், அழிந்த விலங்கு'. மற்றதன் கீழே 'சிவப்புத் துவாரப் புல்புல், பொதுவான பாடும் பறவை'. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். துணைநூல்களில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

முதலாவது சோலைமந்தி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு. அழிந்துவிடவில்லை, அருகிவருகிறது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய காட்டுத் துண்டுகளில் இன்றும் இருக்கிறது. 'அழிந்த' என்று போட்டுவிட்டால் காப்பாற்ற என்ன மிச்சம்?

'சிங்கவால்' ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு. வால் நுனியில் சிறு குஞ்சம் உண்டு, சரி. ஆனால் பார்த்ததும் கண்ணில் படுவது முகத்தைச் சுற்றிய நரைத்த பிடரிதான். ஜெர்மானியர் அதைப் பார்த்துத் 'தாடிக்குரங்கு' என்று தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். நமக்கு மட்டும் ஆங்கிலேயன் பார்த்த வால்தான் தெரிய வேண்டுமா? மந்தி என்றால் பெண்குரங்கு என்று தொல்காப்பிய மரபியலைக் காட்டி மறுப்பார்கள். மரபியல் அப்படித்தான் சொல்கிறது, ஆணுக்குக் கடுவன் என்ற சொல்லும் உண்டு. ஆனால் பேச்சில் மந்தி இரு பாலுக்கும் பொதுவாகி நெடுங்காலம் ஆயிற்று. இன்னொரு மறுப்பு, சோலை என்பது உயர்மலைப் புல்வெளிக்கு இடையே உள்ள காடு, இக்குரங்கு அதற்குக் கீழேயுள்ள மழைக்காட்டில் வாழ்கிறது என்பது. அந்தக் குறுகிய பொருள் 'ஷோலா' என்று நம் சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்ட பிறகு வந்தது. தமிழில் மரம் அடர்ந்த இடமெல்லாம் சோலைதான்.

அந்தப் பறவை சின்னான். செட்டிநாட்டு வளவு முற்றத்தில் வந்து உட்கார்ந்தால் எங்கள் ஆயா வேறு பெயர் சொல்லிக் கேட்டதில்லை. கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு. ஆங்கிலப் பெயரிலுள்ள 'வென்ட்' என்ற சொல்லை அப்படியே பெயர்த்து அந்தச் சிவப்பைத் 'துவாரம்' ஆக்கியது அருவருப்பு. அறிவியல் பெயரை நம்பியும் பயனில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாகத் தவறாக எண்ணி, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிட்ட சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1766இல் 'காஃபர்', அதாவது தென்னாப்பிரிக்காவுக்கு உரியது, என்று வைத்தது அது.

'பொதுவான' என்றால் பலருக்கும் உரியது, ஊர்ப் பொதுக்கிணறு போல. பரவலாகக் காணப்படும் பறவை என்று எழுதினால் என்ன குறை? 'பாடும் பறவை'யும் குழப்பம்தான். பறவையியலில் அது ஓர் இனத்தொகுதி, காகமும் அதில் சேரும். 'பாடுபறவை' என்று வினைத்தொகையாக்கினால், ஊறுகாய், சுடுசோறு என்பதைப்போல, அது பெயர் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும்.