பொருள் தெரியாத ஒரு வரிக்காக உடலை அறுத்துக்கொள்ளாதீர்கள்

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்ட பிறகுதான் அந்தப் பெண் என்னிடம் வந்தார். முப்பதுகளின் நடுவில் வயது. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து குணமாகியிருக்கிறது. மகளுக்கு எந்த நோயும் இல்லை. மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் ஒரு மாறுபாடு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்ததால், இரண்டு மார்பகங்களையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். மரபணுவின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அட்டவணையின் அதே வரிசையில், கடைசிக் கட்டத்தில், சிறிய எழுத்தில், ‘முக்கியத்துவம் தெளிவாகாத மாறுபாடு’ என்று அச்சிட்டிருந்தார்கள். தடித்த எழுத்தைப் படித்தவர்கள் யாரும் கடைசிக் கட்டம் வரை போகவில்லை. அவருடைய அக்காவும் அதே பயத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தார்.

இப்படி ஒருவர் வந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இதே கட்டத்தில் இதே சொற்கள் உள்ள அறிக்கையோடு, தூக்கமில்லாத கண்களோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சிலர் வரும்போது முடிவும் எடுத்துவிட்டு வருகிறார்கள். ஒரு முறை நீக்கிய சினைப்பையைத் திரும்ப வைக்க எந்த மருத்துவராலும் முடியாது.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் ஒரே நினைப்புதான்: “எனக்கு அந்த மரபணு இருக்கிறதாம்.” தயவுசெய்து கேளுங்கள். அந்த மரபணு எல்லோருக்கும் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது. ஆண்களுக்கும் இருக்கிறது. நூறு வயது வரை நோயில்லாமல் வாழ்ந்தவருக்கும் இருந்தது. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 இரண்டுமே புற்றுநோயை உண்டாக்குவதற்காக உடலில் இருப்பவை அல்ல, உடைந்த டி.என்.ஏ. இழைகளைப் பழுது பார்ப்பதுதான் அவற்றின் வேலை. அவை இல்லாமல் நாம் பிறந்திருக்கவே முடியாது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொன்றிலும் இரண்டு படிகள் நமக்கு வருகின்றன. அதில் ஒரு படி வேலை செய்ய முடியாத அளவுக்குச் சிதைந்து வந்தால்தான் ஆபத்து கூடுகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, மரபணு இருக்கிறதா என்பது அல்ல. அதில் கண்ட மாற்றம் அதன் வேலையைக் கெடுக்கிறதா என்பதுதான்.

மாற்றம் இருப்பதே ஒரு செய்தி இல்லை. எந்த மனிதருடைய மரபணுத்தொகையை, அதாவது மொத்த டி.என்.ஏ. எழுத்துகளை, எடுத்தாலும், ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் மாதிரித் தொகையிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் அது வேறுபடும். ‘கோயில்’ என்றும் எழுதலாம், ‘கோவில்’ என்றும் எழுதலாம், பொருள் கெடுவதில்லை. ‘மரம்’ என்பதில் ஒரே எழுத்தை மாற்றி ‘மறம்’ என்று எழுதினால் பொருளே வேறாகிவிடும். மரபணுவில் எழுத்து மாறுவதும் அப்படித்தான். முதல் வகை தீங்கற்றது. இரண்டாம் வகை நோயுண்டாக்குவது. எந்த வகை என்று இன்னும் சொல்ல முடியாதவைதான் ‘முக்கியத்துவம் தெளிவாகாத’ கூட்டத்தில் நிற்கின்றன. நாங்கள் அவற்றைச் சுருக்கமாக வி.யூ.எஸ். என்போம்.

அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியும் மூலக்கூறு நோயியல் சங்கமும் 2015-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி மாறுபாடுகளுக்கு ஐந்து வகுப்புகள்: நோயுண்டாக்குவது, அநேகமாக நோயுண்டாக்குவது, தெளிவாகாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. நடுவில் நிற்பதால் வி.யூ.எஸ். என்றால் பாதி ஆபத்து என்று நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. அது ஆபத்தின் அளவு அன்று. நம் அறிவு எட்டாத இடம், அவ்வளவுதான். பரம்பரைப் புற்றுநோய்க்காகப் பரிசோதிக்கப்பட்ட 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளைத் திரட்டி 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில், பின்னால் மறுவகைப்படுத்தப்பட்ட வி.யூ.எஸ்.களில் சுமார் 91 விழுக்காடு தீங்கற்றவை, அல்லது அநேகமாகத் தீங்கற்றவை என்ற பக்கத்துக்கே போயின. நோயுண்டாக்கும் பக்கத்துக்குப் போனவை ஏறக்குறைய பத்தில் ஒன்று. வி.யூ.எஸ். கண்டால் ‘இன்னும் தெரியவில்லை’ என்று மட்டுமே படிக்க வேண்டும் என்று நாங்கள் அலுக்காமல் சொல்வது இதனால்தான்.

மனித மரபணுத்தொகைத் திட்டம் 2003-இல் முடிந்தபோது விடை எல்லாம் கைக்கு வந்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். உண்மையில் அப்போது விட்டுப்போன பகுதிகளையும் சேர்த்து முழுமையாகப் படித்து முடித்தது 2022-இல்தான். சுமார் 300 கோடி எழுத்துகளைப் படிப்பது இன்று மலிந்துவிட்டது. அவற்றுக்குப் பொருள் காண்பது மலியவில்லை. அண்மைக் கால ஆராய்ச்சியில் நான் ஆவலோடு பார்ப்பதெல்லாம் இந்தப் பொருள் காணும் வேலையைத்தான். 2018-இல் ஓர் ஆய்வுக் குழு, பி.ஆர்.சி.ஏ.1-இன் முக்கியப் பகுதிகளில் ஏற்படக்கூடிய ஓரெழுத்து மாற்றங்களில் ஏறக்குறைய 4,000-ஐ ஆய்வகச் செல்களில் ஒவ்வொன்றாக உண்டாக்கி, எது செல்லைக் கொல்கிறது, எது கொல்லவில்லை என்று பார்த்தது. செல் செத்தால் அந்த மாற்றம் மரபணுவின் வேலையைக் கெடுக்கிறது என்று பொருள். 2025-இல் பி.ஆர்.சி.ஏ.2-இன் டி.என்.ஏ.வோடு பிணையும் பகுதியில் ஏறக்குறைய 7,000 மாற்றங்களுக்கு இதே வேலை நடந்து முடிந்தது. நோயாளி வந்து நிற்பதற்கு முன்பே அவருடைய மாற்றத்துக்கு விடை தயாராக இருக்கிறது. எங்கள் தொழிலில் இது சாதாரண விஷயம் அல்ல.

அந்தப் பெண்ணின் மாற்றமும் அந்தப் பகுதியில்தான் இருந்தது. புதிய தரவுகளோடு மறுபடி பார்க்கும்படி ஆய்வகத்துக்கு எழுதினோம். ‘அநேகமாகத் தீங்கற்றது’ என்று திருத்திய அறிக்கை வந்தது. அறுவை சிகிச்சை நிறுத்தப்பட்டது. சரி, அத்தோடு முடிந்ததா? இல்லை. புற்றுநோய் வந்த அம்மாவை யாரும் பரிசோதிக்கவே இல்லை! குடும்பத்தில் முதலில் பரிசோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. அவரிடம் காரணம் கிடைத்தால்தான் மற்றவர்களிடம் எதைத் தேடுவது என்று தெரியும். இதை எத்தனை முறை சொன்னாலும், நோயில்லாத இளையவர்களையே முதலில் அனுப்பிவைக்கிறார்கள்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். பரிசோதனை நிறுவனங்களின் ஒப்பீட்டுத் தரவுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. மற்றவர்களுக்குப் பொதுவாக இருக்கும் தீங்கற்ற மாற்றம்கூட, தரவில் முன்பு பதிவாகாததால், தெளிவாகாதது என்று வந்து நிற்கும். 2023-இல் பல வம்சாவளிகளைச் சேர்ந்த 47 பேரின் தொகைகளைக் கொண்டு வெளியான பன்மை மரபணுத்தொகை வரைவு இந்தக் குறையைத் தீர்க்கும் தொடக்கம். தொடக்கம் மட்டுமே.

அடுத்து என்னைக் கொதிக்க வைப்பது, மரபணு வெளிப்பாட்டின், அதாவது ஒரு மரபணு எந்த அளவுக்கு இயங்குகிறது என்பதன், பெயரால் நடக்கும் விற்பனை. ‘உறங்கும் மரபணுக்களை எழுப்பும்’ மாவு, ‘கெட்ட மரபணுவை அடக்கும்’ மாத்திரை, உமிழ்நீரைப் பார்த்து மூளையில் எந்த மரபணு எப்படி இயங்குகிறது என்று சொல்லும் அறிக்கை. உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. கல்லீரலைக் கல்லீரலாகவும் மூளையை மூளையாகவும் ஆக்குவது, எந்த மரபணு எங்கே, எப்போது, எந்த அளவுக்கு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது என்பதே. ஜி.டெக்ஸ் என்ற பெரிய திட்டம் 838 கொடையாளர்களின் 49 வகைத் திசுக்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். ஒரே மாற்றம் ஒரு திசுவில் மரபணுவின் வெளிப்பாட்டை மாற்றும். இன்னொரு திசுவில் ஒன்றுமே செய்யாது. உமிழ்நீரில் கிடைக்கும் டி.என்.ஏ.வை வைத்து உங்கள் மூளையில் இந்த நிமிடம் நடக்கும் வெளிப்பாட்டை அளந்து சொல்வதாக எவராவது சொன்னால் அது பொய்.

வெளிப்பாட்டை மாற்றுவது உண்மையில் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? கருவில் இருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது கரு ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தி அடங்கிவிடுகிறது. அதை அடக்குவதில் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. சிவப்பணுவாக வளரும் செல்களில் மட்டும் அந்த மரபணுவின் வெளிப்பாட்டைக் குறைத்தால் கரு ஹீமோகுளோபின் மீண்டும் வரும். ஹீமோகுளோபின் கோளாறுகளான அரிவாள் செல் நோயும் பீட்டா தலசீமியாவும் உள்ளவர்களுக்கு அது வாழ்வு. அப்படித்தான் காஸ்ஜெவி சிகிச்சை வந்தது. 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதித்தது. இதற்காக நோயாளியின் ரத்த மூலச் செல்களைச் சேகரித்து, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டு முறையில் திருத்தி, எலும்பு மஜ்ஜையைக் கடுமையான கீமோதெரபியால் காலி செய்து, திருத்திய செல்களைத் திரும்பச் செலுத்துகிறார்கள். வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம். ஒரே ஒரு மரபணுவின் வெளிப்பாட்டை ஒரே வகைச் செல்லில் மாற்ற இவ்வளவு பாடு. இதைக் காலை மாலை ஒரு கரண்டி மாவு செய்துவிடும் என்று நம்பி நோயாளிகள் தங்கள் மருந்தை நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள்.

வெளிப்பாட்டைப் பார்க்கும் நல்ல பரிசோதனைகளும் உண்டு. அவை பார்ப்பது நோயுற்ற திசுவை. மார்பகக் கட்டியில் 21 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்து மதிப்பெண் தரும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இல்லாத, நிணநீர்க் கணுவுக்குப் பரவாத ஆரம்பநிலைப் புற்றுநோயில் அது பயன்படுகிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடந்த டெய்லர்எக்ஸ் ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. நடுத்தர மதிப்பெண் பெற்ற, ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சையோடு கீமோதெரபி சேர்ப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று அது காட்டியது. எத்தனை பெண்கள் தேவையற்ற கீமோவிலிருந்து தப்பினார்கள்! ஆனால் இந்த மதிப்பெண் தாளைக் கொண்டுவந்து, “எனக்குக் குறைவு என்றார்கள், என் மகளுக்கு வராதல்லவா?” என்று கேட்கிறார்கள். இது கட்டியைப் பற்றிய அறிக்கை. பரம்பரையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தாலும் ஒன்றாகப் படிக்காதீர்கள்.

‘ஒன்றும் இல்லை’ என்று வந்த அறிக்கையும் ஏமாற்றும். வீட்டுக்கு வரும் பெட்டியில் உமிழ்நீர் துப்பி அனுப்பும் ஒரு பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் அனுமதி கொடுத்தபோது, அது பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் மூன்றே மாறுபாடுகளைத்தான் தேடியது. மூன்றும் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய) யூத வம்சாவளியில் அதிகம் காணப்படுபவை. அறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. மாறுபாடுகள் ஆயிரத்துக்கும் மேல். அந்த மூன்றும் இல்லை என்றதும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பதை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகளின் அரிய நோய்களிலும் இதே கதை. எக்ஸோம் பரிசோதனை பெரும்பாலும் புரதம் தயாரிக்கும் பகுதிகளை மட்டும் படிக்கிறது. மொத்தத் தொகையில் அது ஏறக்குறைய 1 முதல் 2 விழுக்காடுதான். 2024-இல் ஆர்.என்.யூ.4-2 என்ற மரபணுவின் மாற்றங்கள் வளர்ச்சிக் குறைபாட்டுக்குக் காரணமாக இருப்பது கண்டறியப்பட்டது. அது புரதம் தயாரிக்காத மரபணு. பல எக்ஸோம் பரிசோதனைகள் அதைப் படிக்கவே இல்லை. தசை நோய்களிலும் அப்படித்தான். டி.என்.ஏ.வில் விடை கிடைக்காத ஐம்பது நோயாளிகளில், தசைத் திசுவின் ஆர்.என்.ஏ.வைப் படித்தபோது 35 விழுக்காட்டுக்கு விடை கிடைத்ததாக 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. ரத்தத்தில் தெரியாதது தசையில் தெரிந்தது. அந்த நோய்களுக்குரிய மரபணுக்கள் வேலை செய்யும் இடம் தசை. பழைய எக்ஸோம் அறிக்கையை வைத்துக்கொண்டு “எங்கள் பிள்ளைக்கு மரபணுக் காரணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்” என்று இருக்கும் பெற்றோரே, அதை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, செய்யக் கூடாதவை. உமிழ்நீர்ப் பரிசோதனையின் மூலத் தரவைப் பதிவிறக்கி, கண்ட தளங்களில் ஏற்றி நோய் தேடாதீர்கள். அப்படிக் கிடைத்த மாறுபாடுகளை ஒரு மருத்துவ ஆய்வகம் சரிபார்த்தபோது 40 விழுக்காடு அங்கே இல்லவே இல்லை என்று 2018-இல் வெளியானது. மருத்துவ ஆய்வகத்தில் உறுதிப்படுத்தாத எந்த முடிவையும் வைத்து மருந்தையோ உறுப்பையோ கருவையோ தொடாதீர்கள். வி.யூ.எஸ். ஒன்றுக்காக உறவினர் அனைவரையும் பரிசோதனைக்கு இழுக்காதீர்கள். மாறுபாடு யாரிடமிருந்து வந்தது என்று பார்க்க நாங்களே பெற்றோரை அழைப்பது உண்டு. அது மாறுபாட்டுக்குப் பொருள் காண்பதற்காக, உறவினரின் ஆபத்தைச் சொல்வதற்காக அல்ல. முதிர்ந்த வயதில் வரும் நோய்க்காகச் சிறு பிள்ளைகளைப் பரிசோதிக்காதீர்கள். வளர்ந்த பிறகு தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது.

மரபணுத் தரவை யாரிடம் கொடுக்கிறோம் என்றும் பாருங்கள். உமிழ்நீர்ப் பரிசோதனை விற்ற 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் நடந்த கணினி ஊடுருவலில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது. அதில் உங்கள் அண்ணன் தம்பி, பிள்ளைகள் பங்கும் இருக்கிறது.

நோயுண்டாக்கும் மாற்றம் என்று உறுதியானவர்களுக்கு ஒரு சொல். அறுவை சிகிச்சை சிலருக்கு உயிர் காக்கும் சரியான முடிவு. 2017-இல் வந்த பெரிய ஆய்வின்படி, நோயுண்டாக்கும் பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உள்ளவர்களுக்கு எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 72 விழுக்காடு, பி.ஆர்.சி.ஏ.2-க்கு சுமார் 69. அதை அலட்சியம் செய்யச் சொல்ல மாட்டேன். பயந்து ஓடாமல், தள்ளியும் போடாமல், வயதையும் குழந்தைப்பேற்றையும் கணக்கில் வைத்துப் பேசி முடிவெடுங்கள்.

ஆலோசனைக்கு வரும்போது அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுவராதீர்கள். எல்லாப் பக்கங்களும் வேண்டும். எந்த ஆண்டில், எந்த ஆய்வகத்தில், எந்தெந்த மரபணுக்களைப் படித்தார்கள் என்பது கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். கூடவே மூன்று தலைமுறையில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று எழுதிக் கொண்டுவாருங்கள். வி.யூ.எஸ். என்று வந்திருந்தால், ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வகத்திடம் மறுமதிப்பீடு கேளுங்கள். திருத்திய அறிக்கை தானாக வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம். பழைய முகவரிக்குப் போய் மேசையிலேயே கிடந்த அறிக்கைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.