காவல் நிலையத்தையும் ஒரு பாடமாகப் படிப்போம்

போன வருடம் ஒரு நாள் இரவு எட்டரை மணி இருக்கும். வக்கீலான எனக்கு ஒரு தகப்பனார் போன் செய்தார். "அம்மா, பையனைக் காலையில பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க. இன்னும் விடலை. அரெஸ்ட்டான்னு கேட்டா இல்லைங்கிறாங்க. அப்ப கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டா, இருங்கிறாங்க."

பையன் பி.காம். இரண்டாம் ஆண்டு. கூடப் படிக்கும் ஒருவனின் பைக் காணாமல் போன விஷயமாக விசாரணை. நான் போனபோது, ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரின் மேசைக்குப் பின்னால் கிடந்த பெஞ்சின் ஓரத்தில், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை அடிக்கவில்லை. மத்தியானம் ஒரு காவலர் தன் கைக்காசில் தயிர்சாதப் பொட்டலம்கூட வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் பத்தரை மணி நேரமாக அவன் அங்கே எந்தக் கணக்கில் இருந்தான் என்பதற்கு ஒரு துண்டுத் தாள் கிடையாது. "சம்மன் எங்கே சார்?" என்று மட்டும் கேட்டேன். எஸ்.ஐ. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தேவைப்பட்டா எழுத்துல சொல்லி அனுப்புறோம், கூட்டிட்டுப் போங்க மேடம்" என்றார்.

வெளியே வந்ததும் பையன் சொன்னான்: "போன்ல கூப்பிட்டாலே போயாகணும்னு நினைச்சேன் மேடம். எந்திரிச்சு வந்தா அதுவே ஒரு கேஸ் ஆயிடும்னு பயந்தேன்."

அவனைக் குறை சொல்ல முடியாது. பள்ளியில் குடிமையியலில் குடியரசுத் தலைவரின் அதிகாரங்களைப் படித்திருக்கிறான். வாழ்நாளில் ஒருமுறைகூட அவரை நேரில் பார்க்கப் போவதில்லை. தெருமுனையில் இருக்கும் காவல் நிலையத்தைப் பற்றி அவனுக்கு யாரும் ஒரு பக்கம்கூடச் சொல்லித் தரவில்லை. சாட்சியாகவோ விவரம் தெரிந்தவராகவோ ஒருவரை வரவழைக்க வேண்டுமானால், குற்ற விசாரணை நடைமுறைக்கான புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 179-வது பிரிவின்படி எழுத்து மூலம் ஆணை வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட, 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், உடல் மன ஊனமுற்றோரையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது. சந்தேகத்துக்குரியவர் என்றால் அதே சட்டத்தின் 35(3)-இன்கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மதுரைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் நான்கு வருடமாக வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறேன். காவல்துறையும் சமூகமும் என்று விருப்பப் பாடம். சட்டம் படிக்கும் பிள்ளைகள் இல்லை. வரலாறு, வணிகவியல், தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள். முதல் நாளே ஒன்று புரிந்தது. வகுப்பில் பாதிப் பேர் சீருடைப் பணியாளர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். விடியற்காலையில் மைதானத்தில் ஓடிவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார்கள். ஏழு நிமிடத்தில் 1500 மீட்டர் ஓடத் தெரியும், கயிறு ஏறத் தெரியும். மீதிப் பாதிப் பேர் போலீஸ் என்றால் எதிர்ச் சாரிக்கு மாறி நடக்கிறவர்கள். இரண்டு பாதிக்கும் காவல்துறையைப் பற்றித் தெரிந்தது ஒரே விஷயம்தான், சினிமாவில் வருகிற போலீஸ். லாக்கப்பில் நான்கு அடி விழுந்தால் உண்மை வந்துவிடும் என்று இரு தரப்பும் நம்புகிறது. ஒரு தரப்பு அதைப் பார்த்துக் கைதட்டுகிறது, மற்றது நடுங்குகிறது.

அதனால் நான் அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கிட்டி போட்டு நெருக்குகிறான் என்று நம் ஊரில் இன்றும் சொல்கிறோம் இல்லையா, அந்தக் கிட்டி ஒரு சொல்லலங்காரம் இல்லை. கைவிரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கருவி. 1855-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரித்த ஆணையத்தின் அறிக்கையில் அதே பெயரில் இருக்கிறது. ஒரே தாசில்தார் கையில் வரி வசூலும் போலீஸ் வேலையும் இருந்த காலம் அது. வரி பாக்கிக்கும் கிட்டி, திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் கிட்டி. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1859-இல் மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. சிப்பாய்க் கலகம் முடிந்த கையோடு, 1861-இல், இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. அதன் முன்மாதிரி லண்டன் போலீஸ் அல்ல, அடிமைப்பட்ட அயர்லாந்தில் மக்களை அடக்கி வைக்க அமைத்த ஆயுதப் போலீஸ். நம் காவல் நிலையத்தின் பல பழக்கங்களுக்கு வேர் அங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு சொன்னது. வெள்ளைக்காரனுக்கே தன் போலீஸ் மேல் நம்பிக்கை இல்லை. அந்தப் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அது 23-வது பிரிவு. இதைச் சொல்லும்போது போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். "அப்ப அடிச்சு வாங்குற வாக்குமூலத்தால என்ன பிரயோஜனம் மேடம்?" என்று ஒருவன் கேட்டான். அவர் சொன்னதை வைத்து ஏதாவது பொருளைக் கண்டெடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு, மற்றபடி பிரயோஜனம் இல்லை. அவனே யோசித்துக் கேட்ட கேள்வி அது. நான் அறிவுரை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

மதுரை, தேனிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்து மாணவி ஒருத்தி, தன் அப்பத்தா 'ரேகைச் சட்டம்' என்று ஏதோ சொல்வார், அது என்ன என்று கேட்டாள். போலீஸ் வருமுன் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காவல் பார்த்தவர்கள் பிரமலைக் கள்ளர்கள். களவு போனால் மீட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். துப்புச் சொல்வதற்குத் துப்புக்கூலி என்று ஒரு கணக்கும் இருந்தது. அதில் அத்துமீறலும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசு செய்தது என்ன? குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்து, ஒரு சாதியில் பிறந்தாலே கைரேகை வை, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படு என்றது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்துப்போனார்கள். ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. அடுத்த வாரம் அந்த மாணவி தன் அப்பத்தாவின் பேச்சை போனில் பதிவு செய்து கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். ராத்திரிச் சீட்டு இல்லாமல் பக்கத்து ஊருக்குப் போக முடியாத தன் தகப்பனாரைப் பற்றி அந்த மூதாட்டி சொன்னதை வகுப்பே சத்தமில்லாமல் கேட்டது. ஒரு சமூகத்துக்குப் போலீஸ் மேல் இருக்கும் கோபம் எங்கிருந்து வந்தது என்று நாளை அங்கே பணிக்குப் போகிற எஸ்.ஐ.க்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, இன்றைய விஷயத்துக்கு வருவோம். வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி, ஒரு எஃப்.ஐ.ஆரை, அதாவது முதல் தகவல் அறிக்கையை, வரி வரியாகப் படிப்பது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகள் நீங்கலாக, எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. அதனால் எடுப்பது சுலபம். ஒன்றை எடுத்து, பெயர்களை மறைத்துவிட்டுப் பிரதி போட்டுக் கொடுப்பேன். பிள்ளைகள் நேரே கதைப் பகுதிக்குப் போவார்கள். நான் அவர்களைக் கட்டங்களுக்கு இழுப்பேன். சம்பவம் நடந்த நேரம் எது, ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம் எது? புகார் தாமதமானால் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அது காலியா? சம்பவ இடம் ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம்? கடைசியாக, கோர்ட்டுக்கு அனுப்பிய தேதியும் நேரமும். வக்கீல்கள் முதலில் பார்க்கிற கட்டம் அதுதான். காலை பத்து மணிக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். மறுநாள் சாயந்திரம் மாஜிஸ்திரேட் கைக்குப் போயிருந்தால், இடையில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டியிருக்கும்.

அப்புறம் சி.எஸ்.ஆர். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது இந்த ரசீதுதான். "கேஸ் போட்டாச்சு மேடம்" என்று அதைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவருகிற கட்சிக்காரர்கள் எத்தனை பேர்! அது உங்கள் மனு வந்து சேர்ந்ததற்கான சீட்டு. வழக்கு அல்ல. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரைப் பார்த்தாலே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. மூன்று வருடமோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று புதிய சட்டம் இடம் கொடுக்கிறது. எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். பற்றிய இந்த விதிகள் பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவு ஒன்றிலேயே இருக்கிறது.

காவலர் பக்கத்தையும் அதே அக்கறையோடு படிக்க வேண்டும். காலையில் அமைச்சர் வருகைக்குப் பந்தோபஸ்து, மத்தியானம் கோர்ட் டூட்டி, ராத்திரி ரவுண்ட்ஸ், இதற்கு நடுவே ஒரு கொலை வழக்கின் புலன்விசாரணை. இப்படி ஒரு மனிதரிடம் எந்த விசாரணை ஒழுங்காக நடக்கும்? புலன்விசாரணையைச் சட்டம் ஒழுங்கிலிருந்து பிரியுங்கள் என்பது 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட ஏழு உத்தரவுகளில் ஒன்று. காவலர் மீதான புகாரை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வேண்டும் என்பது இன்னொன்று. தமிழ்நாடு 2013-இல் இதற்காகக் கொண்டுவந்த சட்டம் உள்துறைச் செயலாளரையே அந்த ஆணையத்துக்குத் தலைவராக்கியது. போலீஸ் எந்தத் துறையின் கீழ் இருக்கிறதோ அந்தத் துறையின் செயலாளரே போலீஸ் மீதான புகாரைக் கேட்பது சரியில்லை என்றே நான் நினைக்கிறேன். இங்கே 1979-இலேயே ஒழித்துவிட்டதாகச் சொன்ன, காவலரை அதிகாரி வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறைக்காக உயர் நீதிமன்றம் 2022-இலும் கண்டிப்புக் காட்ட வேண்டியிருந்தது. சீருடை போட்ட ஒருவரை அதிகாரி வீட்டில் துணி துவைக்க விட்டால், அந்த அவமானத்தை அவர் ஸ்டேஷனுக்கு வரும் ஏழையிடம்தான் இறக்கி வைப்பார்.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தைத் தவிர்க்க முடியாது. 2020 ஜூன் 19-ஆம் தேதி, ஊரடங்கில் கடை திறந்திருந்த விவகாரத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 23-ஆம் தேதி காலைக்குள் இருவரும் உயிரோடு இல்லை. சி.பி.ஐ. ஒன்பது காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. இந்த வழக்கைப் பாடமாக எடுக்கும்போது நான் பிள்ளைகளிடம் காட்டுவது தாள்களைத்தான். மருத்துவச் சான்று இருந்தது. 24 மணி நேரக் கெடுவுக்குள் மாஜிஸ்திரேட் சிறைக் காவலுக்கு அனுப்பும் ரிமாண்டும் ஆனது. டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கைது செய்யும்போது போலீஸ் கடைப்பிடிக்க வேண்டிய 11 கட்டளைகள் போட்டு வைத்திருந்தது. ஆனால் பரிசோதிக்கிற டாக்டர், ரிமாண்ட் செய்கிற மாஜிஸ்திரேட், சிறையில் உள்ளே எடுக்கிறவர் என்று ஒவ்வொருவரும் எதிரில் நிற்கிற மனிதனின் உடம்பை ஒரு முறை நன்றாகப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே ஸ்டேஷனில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் தான் பார்த்ததைச் சொன்னார். போலீஸ் வேலைக்குப் போகப் போகிற பிள்ளைகளிடம் நான் அந்த அம்மாவைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவேன். எவ்வளவு பயத்தோடு அந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று யோசித்துப் பார்க்கச் சொல்வேன்.

இதற்கெல்லாம் தனிப் பட்டப்படிப்பு தேவையில்லை. குற்றவியல் துறை உள்ள பல்கலைக்கழகங்கள் நம்மிடம் இருக்கின்றன, அது அந்தத் துறையில் போகிறவர்களுக்கு. நான் கேட்பது எல்லாப் பட்டப்படிப்பிலும் ஒரு பருவம், வாரம் ஒரு மணி நேரம். கல்லூரி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊர் கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வக்கீலை இலவசமாக அனுப்பி வைப்பார்கள். 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை வகுப்பறைப் பலகையில் எழுதிப் போடுங்கள். பக்கத்து ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரையும் ஒரு நாள் கூப்பிடுங்கள். நாங்கள் கூப்பிட்ட இன்ஸ்பெக்டர் மேடைப் பேச்சுக்குத் தயாராக வந்தவர், ஒரு மாணவி எழுந்து "சார், போன்ல கூப்பிட்டா நாங்க வரணுமா?" என்று கேட்டதும் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வர வேண்டாம்மா, எழுத்துல கேளு" என்றார். அப்புறம் இரண்டு மணி நேரம் அவரை யாரும் விடவில்லை.