‘ஃபமீய்’ என்பது குலப்பெயர் அன்று

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக ஒருவர், இளஞ்சிவப்புப் பூக்கள் தீட்டிய பீங்கான் சாடியொன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து, ‘இது ஃபமீய் ரோஸ், ஆகவே சீனாவின் சிங் அரச வம்சக் காலத்துப் பொருள்’ என்று என்னிடம் உறுதியாகச் சொன்னார். விற்பனைச் சீட்டிலும் அந்த இரு சொற்கள் இருந்தன. சீட்டில் பொய் இல்லை. அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பொருள்தான் தவறு.

‘ஃபமீய்’ என்றால் பிரெஞ்சில் குடும்பம். அது குயவர் குடும்பமும் அன்று, சூளையும் அன்று, அரச வம்சமும் அன்று. நிறங்களின் குடும்பம் மட்டுமே. 1862-இல் பாரிஸில் வெளியான நூலில் அல்பேர் ஜாக்மார் என்ற வரலாற்றாசிரியர், பச்சை மேலோங்கினால் ‘ஃபமீய் வேர்த்’, இளஞ்சிவப்பு மேலோங்கினால் ‘ஃபமீய் ரோஸ்’ என்று சீனப் பீங்கான்களைப் பிரித்தார். கறுப்புத் தளத்துக்கும் மஞ்சள் தளத்துக்கும் இதே பாணியில் பெயர்கள் உண்டு. சீனர்கள் இளஞ்சிவப்பு வகையை ‘ஃபென்ட்சாய்’, அதாவது பொடி வண்ணம், என்பார்கள். சீனாவில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெசென் நகரத்துச் சூளையிலிருந்து சென்ற வாரம் வெளிவந்த கிண்ணமும் ஃபமீய் ரோஸ்தான். சிங்கப்பூர், மலாக்காவில் வாழும் சீன வழிவந்த பெரனாக்கான் சமூகத்தாரின் வீடுகளிலுள்ள திருமணத் தட்டுகளும் பெரும்பாலும் அவ்வகையே. அவற்றின் வயது ஏறத்தாழ நூறாண்டு.

அடியில் உள்ள முத்திரையையும் நம்பிவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குயவர்கள் முந்தைய பேரரசர் கங்ஷியின் (1662–1722) பெயரைத் தாராளமாக எழுதினார்கள். தங்கத்திலிருந்து பெறும் அந்த இளஞ்சிவப்போ, 1720-களில்தான் பரவலாகிறது. கங்ஷி முத்திரையின் மேல் ரோஜா நிறம் கொட்டிக் கிடந்தால் சற்றே நிதானியுங்கள். பெரும் பணக்காரர்களும் ஏமாந்ததுண்டு: சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் கங்ஷி காலத்தவை என்று கருதிப் பெருந்தொகைக்கு வாங்கிய கறுப்புத் தளச் சாடிகள் பலவற்றை, வல்லுநர்கள் பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு நகர்த்திவிட்டார்கள்.

இன்னொரு வேண்டுகோள். மெருகின்மேல் குறைந்த சூட்டில் சுட்ட இந்த வண்ணங்களில் ஈயம் உண்டு. பழைய தட்டில் எலுமிச்சை ஊறுகாயோ புளிக்குழம்போ வைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே போடாதீர்கள். தங்க வரியைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதிதாகப் பூசித் தருமாறு என்னிடம் கேட்பது வீண்.

வாங்கும்போது ‘எந்த வண்ணம்’ என்று கேட்காதீர்கள், அது கண்ணுக்கே தெரிகிறது. ‘எந்தக் காலம்’ என்று கேட்டு, விற்பவர் கையாலேயே சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.